ஒரு க்ளிக்... நான்கு திரையிலும் ஒரே நிறுவனம்! டெஸ்க்டாப் வெப் ஆப்கள் ‘கான்டெக்ஸ்ட்’ பகிர்வது எப்படி?

லண்டனில் ஒரு முதலீட்டு வங்கி என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணி. டிரேடர் ஒருவரின் மேசையில் நான்கு திரைகள். ஒன்றில் பங்கு விலை சார்ட். இன்னொன்றில் செய்திகள். மூன்றாவதில், வாடிக்கையாளர் என்னென்ன பங்குகள் வைத்திருக்கிறார் என்ற பட்டியல். நான்காவதில் ஆர்டர் போடும் படிவம்.

போன் அடிக்கிறது. “இன்ஃபோசிஸ் பங்கு என்ன நிலவரம்?” என்று கேட்கிறார் வாடிக்கையாளர்.

காதில் ரிசீவரை வைத்தபடியே டிரேடர் சார்ட்டில் நிறுவனத்தின் பெயரைத் தட்டுகிறார். அதையே காப்பி செய்து செய்தித் திரையில் பேஸ்ட் செய்கிறார். மூன்றாவது திரைக்குப் போவதற்குள் வாடிக்கையாளர் வேறு ஏதோ கேட்கிறார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. நான்காவது திரையில், முந்தைய அழைப்பில் பேசிய வேறொரு நிறுவனத்தின் பெயர் அப்படியே நிற்கிறது. “சரி, ஆயிரம் வாங்கிடுங்க” என்கிறார் வாடிக்கையாளர்.

இப்போது ‘சப்மிட்’ பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்?

நான்கு ஆப்களும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. எதிலும் பக் இல்லை. ஆனால் நான்கும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை. மேசையில் இருக்கும் மனிதர்தான் நான்குக்கும் நடுவே ஓடி ஓடித் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் ஒரு நொடி அசந்தால், ஆர்டர் தவறான நிறுவனத்துக்குப் போய்விடும்.

இந்த ஓட்டத்தை மனிதரிடமிருந்து வாங்கி மென்பொருளிடம் கொடுப்பதுதான் ‘கான்டெக்ஸ்ட் பகிர்வு’. ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட வெப் ஆப்களில் இது எப்படி நடக்கிறது? ஏன் இது பார்ப்பதற்கு எளிதாகவும் செய்வதற்குக் கடினமாகவும் இருக்கிறது?

கான்டெக்ஸ்ட் என்றால் என்ன?

பயனர் இந்த நொடியில் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், எதைப் பற்றி வேலை செய்கிறார் என்ற தகவல்தான் கான்டெக்ஸ்ட். ஒரு பங்கின் அடையாளம், ஒரு வாடிக்கையாளரின் பெயர், ஒரு நோயாளியின் பதிவு எண், ஒரு தேதி வரம்பு என எதுவாகவும் இருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, கான்டெக்ஸ்ட் என்பது முழு டேட்டா அல்ல. இன்ஃபோசிஸின் பத்து ஆண்டு விலை விவரம் கான்டெக்ஸ்ட் ஆகாது. “இப்போது பேச்சு இன்ஃபோசிஸ் பற்றி” என்ற சின்னக் குறிப்புதான் கான்டெக்ஸ்ட். மற்றதை ஒவ்வொரு ஆப்பும் தன் சர்வரிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும்.

ஆண்ட்ராய்டு போனில் இது தினமும் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு போன் நம்பரைத் தொட்டால் டயலர் திறக்கிறது. போட்டோவில் ‘ஷேர்’ அழுத்தினால் எந்தெந்த ஆப்புக்கு அனுப்பலாம் என்று பட்டியல் வருகிறது. அங்கே ஆபரேட்டிங் சிஸ்டமே நடுவில் நின்று தகவலை மாற்றிக் கொடுக்கிறது. டெஸ்க்டாப்பில் பிரவுசர் டேப்களாக ஓடும் வெப் ஆப்களுக்கு அப்படி ஒரு நடுவர் இல்லை.

பிரவுசர் ஏன் தடுக்கிறது?

“இந்த டேப்பில் இருப்பதை அந்த டேப்புக்கு அனுப்ப வேண்டியதுதானே, இதுல என்ன பெரிய விஷயம்?” என்று தோன்றலாம்.

பிரவுசர் அதை வேண்டுமென்றேதான் தடுக்கிறது. ஒரு டேப்பில் நெட் பேங்கிங், பக்கத்து டேப்பில் முகம் தெரியாத ஒரு சினிமா தளம் என்று திறந்திருக்கும்போது, சினிமா தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் வங்கிப் பக்கத்தை எட்டிப் பார்க்கக் கூடாது அல்லவா? அதற்காக 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் காலத்திலேயே வந்த விதிதான் ‘சேம் ஆரிஜின் பாலிசி’.

முகவரியின் நெறிமுறை, ஹோஸ்ட் பெயர், போர்ட் எண் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு பக்கங்களும் ஒரே ‘ஆரிஜின்’. மூன்றில் ஒன்று மாறினாலும் அந்நியர்கள். மேலே சொன்ன டிரேடரின் நான்கு ஆப்களில் ஒன்று வங்கியே எழுதியது, இன்னொன்று செய்தி நிறுவனம் தந்தது, மற்றொன்று வெளியில் வாங்கியது. எல்லாம் வேறு வேறு ஆரிஜின். அதனால் இயல்பாகவே ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாது.

பிரவுசரிலேயே இருக்கும் வழிகள்

முழுக்கக் கதவு அடைபட்டிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. நான்கு ஜன்னல்கள் இருக்கின்றன.

லோக்கல் ஸ்டோரேஜ்: பலரும் முதலில் கைவைப்பது இதில்தான். ஒரு விண்டோ இதில் எதையாவது எழுதினால், அதே ஆரிஜினில் திறந்திருக்கும் மற்ற விண்டோக்களுக்கு ‘ஸ்டோரேஜ்’ ஈவென்ட் போகும். எழுதிய விண்டோவுக்கு மட்டும் போகாது. ஆனால் இதில் வெறும் எழுத்துச் சரங்களை மட்டுமே வைக்க முடியும். ஆப்ஜெக்ட் என்றால் ஜேசானாக மாற்றித்தான் எழுத வேண்டும். பிரவுசரை மூடித் திறந்தாலும் எழுதியது அப்படியே இருக்கும். நேற்று மாலை பார்த்த நிறுவனம் இன்று காலை ‘தற்போதைய’ நிறுவனமாக வந்து நிற்கும் வேடிக்கை இதனால்தான் நடக்கிறது.

பிராட்காஸ்ட் சேனல்: ஒரு பெயர் வைத்து அலைவரிசை திறக்கலாம். அதே பெயரில் காது கொடுத்திருக்கும், அதே ஆரிஜினின் எல்லா விண்டோக்களுக்கும் செய்தி போகும். 2022-இல் சஃபாரியும் சேர்ந்துகொண்டதால் இப்போது எல்லா முக்கிய பிரவுசர்களிலும் வேலை செய்கிறது. குறை என்னவென்றால், இது வானொலி மாதிரி. செய்தி வாசித்து முடித்த பிறகு ரேடியோவைப் போட்டால் பழைய செய்தி கேட்காது. தாமதமாகத் திறக்கப்படும் விண்டோவுக்கு, அதற்கு முன் என்ன நடந்தது என்றே தெரியாது.

ஷேர்டு வொர்க்கர்: பல விண்டோக்களுக்குப் பொதுவாகப் பின்னணியில் ஓடும் ஒரே ஸ்கிரிப்ட். கடைசியாக வந்த கான்டெக்ஸ்டை இது நினைவில் வைத்துக்கொண்டு, புதிதாக வருபவரிடம் சொல்ல முடியும். இதுவும் அதே ஆரிஜினுக்குள் மட்டும்தான்.

போஸ்ட் மெசேஜ்: ஆரிஜின் வேலியைத் தாண்டிப் பேச பிரவுசர் தரும் முறையான வழி இது. ஆனால் யாரிடம் பேச வேண்டுமோ அந்த விண்டோவின் பிடி கையில் இருக்க வேண்டும். நீங்கள் திறந்த விண்டோ, அல்லது உங்கள் பக்கத்துக்குள் இருக்கும் ஐஃபிரேம் என்றால் பிடி கிடைக்கும். பயனர் தனியாகத் திறந்த டேப் என்றால் கிடைக்காது.

போஸ்ட் மெசேஜில் ஒரு கட்டாய விதி உண்டு. செய்தி வந்தவுடன் அது எந்த ஆரிஜினிலிருந்து வந்தது என்று சரிபார்க்க வேண்டும். அனுப்பும்போதும் ‘யாருக்கு வேண்டுமானாலும்’ என்ற பொருள்படும் நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. “டெஸ்டிங்குக்குத்தான் போட்டேன், அப்புறம் மாத்திடலாம்” என்று விட்ட நட்சத்திரம் புரொடக்‌ஷன் வரை போய்விட்டால், தகவல் யார் கையில் சேருகிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

வங்கிகள் கண்ட தீர்வு

ஆரிஜின் வேலி, தனித்தனி விண்டோக்கள், நான்கைந்து திரைகள் என எல்லாவற்றையும் சமாளிக்க நிதித்துறை எடுத்த முதல் பாதை, பிரவுசரையே ஒரு உறைக்குள் வைப்பது. 2013-இல் கிட்ஹப் தொடங்கிய எலக்ட்ரான் அந்த வகை. விஎஸ் கோட், ஸ்லாக் போன்ற டெஸ்க்டாப் ஆப்கள் அதன் மேல் எழுதப்பட்டவை. நிதித்துறைக்கென்றே நியூயார்க்கின் ஓபன்ஃபின், அதன் பிறகு குளூ42, ஃபின்செம்பிள் போன்றவை வந்தன.

உறைக்குள் ஓடும் எல்லா ஆப்களுக்கும் நடுவே ஒரு தபால்காரர் இருப்பார். ஒரு ஆப் சொல்வதை இன்னொன்றிடம் சேர்ப்பது அவர் வேலை. பிரச்சினை தீர்ந்தது போலத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் தபால்காரரும் ஒவ்வொரு மொழி பேசினார். ஒன்றுக்கு எழுதிய ஆப் இன்னொன்றில் ஓடாது. ஒரு ஆப் பங்கின் அடையாளத்தை ‘சிம்பல்’ என்ற பெயரில் அனுப்பும், இன்னொன்று ‘டிக்கர்’ என்று எதிர்பார்க்கும். தகவல் போய்ச் சேரும், ஆனால் புரியாது.

2017-இல் ஓபன்ஃபினும் சில வங்கிகளும் நிதித்துறை நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பொதுவான நெறியைத் தொடங்கின. பெயர் எஃப்டிசி3. ஃபைனான்ஷியல் டெஸ்க்டாப் கனெக்டிவிட்டி அண்ட் கொலாபரேஷன் கன்சார்டியம் என்பதில் வரும் மூன்று ‘சி’தான் அந்த 3. அடுத்த ஆண்டே அது ஃபினோஸ் என்ற திறந்த மூல அறக்கட்டளையின் கைக்கு மாறியது. ஃபினோஸ் 2020-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனுடன் இணைந்தது. 2019-இல் 1.0, 2022-இல் 2.0 என்று நெறி வளர்ந்தது. 2025-இல் வந்த 2.2 பதிப்பு, தனி உறை எதுவும் இல்லாமல் சாதாரண பிரவுசரிலேயே இதைச் செய்ய வழி வகுத்தது. அதன் அடித்தளத்தில் இருப்பது, மேலே பார்த்த அதே போஸ்ட் மெசேஜ்தான்.

எஃப்டிசி3 எப்படி வேலை செய்கிறது?

நான்கு சொற்கள் புரிந்தால் போதும்.

முதலாவது, ‘டெஸ்க்டாப் ஏஜென்ட்’. நாம் சொன்ன தபால்காரர். எல்லா ஆப்களும் இவரிடம்தான் பேசும், தங்களுக்குள் நேரடியாகப் பேசாது.

இரண்டாவது, ‘கான்டெக்ஸ்ட்’. இது ஒரு சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட். அதில் ‘டைப்’ என்ற பகுதி கட்டாயம். இது பங்கா, ஆளா, நிறுவனமா என்று அது சொல்லும். ‘ஐடி’ என்ற பகுதியில் அடையாள எண்கள் இருக்கும். படிக்க வசதியாக ‘நேம்’ இருக்கலாம். அவ்வளவுதான்.

மூன்றாவது, ‘சேனல்’. சார்ட் விண்டோவின் ஓரத்தில் சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்து, செய்தி விண்டோவிலும் சிவப்பைத் தேர்ந்தெடுத்தால், இரண்டும் ஒரே சேனல். சார்ட்டில் பங்கை மாற்றினால் அது ‘பிராட்காஸ்ட்’ செய்யும், செய்தி விண்டோ அதைக் கேட்டுத் தானும் மாறும். நீல நிறத்தில் இருக்கும் விண்டோக்கள் சும்மா இருக்கும். இப்படி எட்டு நிறச் சேனல்களை 2.0 பதிப்பு பரிந்துரைக்கிறது.

தாமதமாக வருபவர் பிரச்சினைக்கும் இங்கே விடை இருக்கிறது. ஒரு விண்டோ சேனலில் சேர்ந்தவுடன், அந்தச் சேனலில் கடைசியாகப் பேசப்பட்ட கான்டெக்ஸ்ட் அதற்குத் தரப்படும். “இப்போ யாரைப் பத்திப் பேசிட்டிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் பேச்சில் சேர்வது மாதிரி.

நான்காவது, ‘இன்டென்ட்’. பிராட்காஸ்ட் என்பது தண்டோரா. யார் காதில் விழுகிறது, யார் என்ன செய்கிறார்கள் என்று அனுப்பியவருக்குக் கவலை இல்லை. இன்டென்ட் அப்படியல்ல. “இந்தப் பங்குக்கு சார்ட் காட்டு”, “இந்த ஆளுக்குப் போன் போடு” என்று குறிப்பிட்ட வேலையைக் கேட்பது. அந்த வேலையைச் செய்யத் தெரிந்த ஆப்கள் இரண்டு மூன்று இருந்தால், ஏஜென்ட் பயனரிடமே எது வேண்டும் என்று கேட்கும். எந்த ஆப்புக்கு எந்த வேலை தெரியும் என்ற விவரம் ‘ஆப் டைரக்டரி’ என்ற பட்டியலில் இருக்கும்.

ஆக, டிரேடரின் நான்கு விண்டோக்களும் சிவப்பில் இருந்தால், சார்ட்டில் ஒரு முறை தட்டினால் போதும். மற்ற மூன்றும் தானாக மாறும். காப்பி-பேஸ்ட் முடிந்தது. கதையும் முடிந்ததா என்றால், இல்லை.

ஒரே பெயர், இரண்டு பங்கு

சார்ட் விண்டோ அனுப்பிய கான்டெக்ஸ்டில் ‘ஐஎன்எஃப்ஒய்’ என்ற டிக்கர் மட்டும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அது இன்ஃபோசிஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் எந்த இன்ஃபோசிஸ்?

மும்பையின் தேசியப் பங்குச் சந்தையிலும் அதன் குறியீடு ‘ஐஎன்எஃப்ஒய்’. நியூயார்க் பங்குச் சந்தையில் வர்த்தகமாகும் அதன் ஏடிஆருக்கும் அதே ‘ஐஎன்எஃப்ஒய்’. ஒன்று ரூபாயில், மற்றொன்று டாலரில். லண்டனில் காலை எட்டு மணிக்கு மும்பை சந்தை திறந்திருக்கும், நியூயார்க் தூங்கிக்கொண்டிருக்கும்.

சார்ட் விண்டோ மும்பைப் பங்கைக் காட்டுகிறது. ஆர்டர் விண்டோ, அமெரிக்கச் சந்தைக்காக எழுதப்பட்டது என்பதால், அதே டிக்கரை நியூயார்க் பங்கு என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டு திரையிலும் ‘இன்ஃபோசிஸ்’ என்றே எழுதியிருக்கும். முன்பாவது வேறு நிறுவனத்தின் பெயர் கண்ணில் பட வாய்ப்பு இருந்தது. இப்போது அந்த வாய்ப்பும் போய்விட்டது. மனிதர் செய்த தவறை நீக்கப் போய், மனிதர் கண்டுபிடிக்கவே முடியாத தவறை உருவாக்கியாகிவிட்டது.

இதனால்தான் எஃப்டிசி3-இன் பங்கு வகைக் கான்டெக்ஸ்டில் டிக்கருடன் ஐசின், ஃபிகி போன்ற பல அடையாளங்களையும், எந்தச் சந்தை என்ற விவரத்தையும் சேர்த்து வைக்க இடம் இருக்கிறது. ஐசின் என்பது 12 இலக்க அடையாளம், முதல் இரண்டு எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். மும்பைப் பங்கின் ஐசின் இந்தியாவுக்கான ‘ஐஎன்’ என்று தொடங்கும். ஏடிஆருடையது ‘யுஎஸ்’ என்று தொடங்கும். இரண்டும் குழம்பவே குழம்பாது.

அனுப்பும் ஆப், தனக்குத் தெரிந்த எல்லா அடையாளங்களையும் அனுப்ப வேண்டும். வாங்கும் ஆப், சந்தேகம் இருந்தால் யூகிக்கக் கூடாது. “எந்தச் சந்தை?” என்று பயனரைக் கேட்க வேண்டும். கேட்பதால் போவது இரண்டு நொடி.

எங்கே சறுக்கும்?

சேனல், பிராட்காஸ்ட் எல்லாம் சில வரிக் கோடில் எழுதிவிடலாம். டெமோவில் எல்லாம் அழகாக ஓடும். உண்மையான மேசையில் சறுக்குவது வேறு இடங்களில்.

எதிரொலிச் சுழல்: டெவலப்பர் டீம்களில் இப்படி ஒரு பேச்சு வழக்கமாகக் காதில் விழும்.

“அண்ணா, ஒரே ஒரு தடவைதான் க்ளிக் பண்ணினேன். ரெண்டு விண்டோவும் மாறி மாறித் துடிச்சுக்கிட்டே இருக்கு.”

“வர்ற கான்டெக்ஸ்டை வாங்கி கிரிட்ல செலக்ட் பண்றியா?”

“ஆமாண்ணா.”

“செலக்‌ஷன் மாறினா பிராட்காஸ்ட் பண்ணுன்னு எழுதியிருக்கியா?”

“...ஆமாண்ணா.”

அதேதான். அ அனுப்புகிறது, ஆ மாறுகிறது, மாறியதால் ஆ அனுப்புகிறது, அ மறுபடி மாறுகிறது. பயனர் கையால் செய்த மாற்றத்தை மட்டும் பிராட்காஸ்ட் செய்வதுதான் தீர்வு. கான்டெக்ஸ்ட் வந்ததால் நடந்த மாற்றத்தைத் திரும்ப அனுப்பக் கூடாது. வந்தது ஏற்கெனவே காட்டிக்கொண்டிருக்கும் அதே ஐடி என்றால் எதுவும் செய்யாமல் விடுவது இரண்டாவது பாதுகாப்பு.

முந்திக்கொள்ளும் பழைய பதில்: இதுதான் மிகவும் ஆபத்தானது. பயனர் பட்டியலில் கீழ் அம்புக்குறியை வேகமாகத் தட்டிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு கான்டெக்ஸ்ட், ஒவ்வொன்றுக்கும் சர்வருக்கு ஒரு கேள்வி. கேட்ட வரிசையில்தான் பதில் வரும் என்று எந்த உறுதியும் கிடையாது. முதல் நிறுவனத்தின் பதில், மூன்றாவது நிறுவனத்தின் பதிலுக்குப் பிறகு வந்து சேரலாம். அப்போது தலைப்பில் மூன்றாவது நிறுவனத்தின் பெயரும், கீழே முதல் நிறுவனத்தின் எண்களும் இருக்கும்.

புதிய கான்டெக்ஸ்ட் வந்தவுடன் பழைய கேள்வியை ‘அபார்ட் கன்ட்ரோலர்’ மூலம் ரத்து செய்ய வேண்டும். அதோடு, பதில் வந்ததும் “இப்போதும் இதே ஐடிதான் திரையில் இருக்கிறதா?” என்று ஒரு முறை பார்த்துவிட்டு வரைய வேண்டும். அம்பு விடும் வேகத்தில் எல்லாவற்றையும் அனுப்பாமல், பயனர் ஓரிடத்தில் நின்ற பிறகு அனுப்புவதும் உதவும்.

அளவுக்கு மீறி அனுப்புதல்: “இருக்கிறதை எல்லாம் அனுப்பிடு, யாருக்கு என்ன வேணுமோ எடுத்துக்கட்டும்” என்ற யோசனை வசதியாகத் தோன்றும். வாடிக்கையாளரின் கையிருப்புப் பட்டியலையே கான்டெக்ஸ்டில் வைத்தால், அந்தச் சேனலில் இருக்கும் வெளி நிறுவன ஆப்பும் அதைப் படிக்கும். ஐடி மட்டும் அனுப்பினால், பார்க்க உரிமை இருக்கிறதா என்பதை அந்தந்த சர்வர் முடிவு செய்யும். இரண்டு ஆப்களுக்கு மட்டும் தெரிய வேண்டிய பேச்சு என்றால் அதற்கென ‘பிரைவேட் சேனல்’ 2.0 பதிப்பில் இருக்கிறது.

ஃபங்ஷனை அனுப்ப முயல்தல்: பிரவுசர் ஒரு செய்தியை இன்னொரு விண்டோவுக்குக் கொடுக்கும்போது அதை நகல் எடுத்துக் கொடுக்கிறது. தேதி, பட்டியல், ஆப்ஜெக்ட் எல்லாம் போகும். ஃபங்ஷன் போகாது, எரர் வரும். நகல் என்பதால், ஒரு விண்டோவில் அந்த ஆப்ஜெக்டை மாற்றினால் இன்னொரு விண்டோவில் மாறவும் மாறாது. ‘பகிர்வு’ என்ற சொல்லைக் கேட்டு, ஒரே ஆப்ஜெக்டை இரண்டு பேரும் பிடித்திருப்பதாக நினைத்துவிடக் கூடாது.

மருத்துவமனை கற்றுத்தந்த பாடம்

பங்குச் சந்தைக்கு முன்பே இந்தப் பிரச்சினையில் மோதியது மருத்துவத்துறை. மருத்துவரின் கணினியில் நோயாளியின் பதிவு ஒரு ஆப்பில், ரத்தப் பரிசோதனை முடிவு இன்னொன்றில், எக்ஸ்ரே மூன்றாவதில். ஒன்றில் நோயாளியை மாற்றி, மற்றதில் மாற்ற மறந்தால், ஒருவருக்கான மருந்து இன்னொருவர் பெயரில் எழுதப்படும். இங்கே தவறின் விலை பணம் அல்ல.

1990களின் பிற்பகுதியில் உருவாகி, ஹெச்எல்7 அமைப்பின் தரநிலையான ‘சிகவ்’ இதற்காகவே வந்தது. அதில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. நோயாளியை மாற்றுவதற்கு முன், பங்கேற்கும் எல்லா ஆப்களிடமும் “மாற்றலாமா?” என்று முதலில் கேட்கப்படும். ஏதாவது ஒன்றில் சேமிக்காத வேலை பாதியில் இருந்தால் அது சொல்லும். அப்போது மருத்துவர் மாற்றத்தைக் கைவிடலாம், அல்லது தான் இருக்கும் ஆப்பை மட்டும் இணைப்பிலிருந்து துண்டித்துக்கொள்ளலாம். இணைப்பில் இருக்கிறதா, துண்டிக்கப்பட்டதா என்பது திரையிலேயே ஒரு குறியாகத் தெரியும்.

அதன் வழியில் வெப் ஆப்களுக்காக ஹெச்எல்7 உருவாக்கியது ‘ஃபயர்காஸ்ட்’. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை சொல்லும் ரேடியாலஜி மருத்துவர்களின் வேலைதான் அதன் முக்கியக் களம். நடுவில் ஒரு ஹப், அதனுடன் வெப் சாக்கெட் மூலம் இணைந்த ஆப்கள். ஒரு நோயாளியின் ஸ்கேன் திறக்கப்பட்டால் ஹப் எல்லோருக்கும் சொல்லும். ஏதாவது ஒரு ஆப்பால் மாற முடியவில்லை என்றால், “ஒத்திசைவு தவறிவிட்டது” என்ற பொருளில் ஒரு ஈவென்ட் மற்ற ஆப்களுக்குப் போகும். எல்லாம் சரியாக இருப்பது போல யாரும் நடிக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

டிரேடரின் ஆர்டர் படிவத்துக்கும் இது அப்படியே பொருந்தும். படிவம் காலியாக இருக்கும்போது சேனலைப் பின்தொடரட்டும். எண்ணிக்கை, விலை என்று ஏதாவது நிரப்பத் தொடங்கிய நொடியில் பின்தொடர்வதை நிறுத்த வேண்டும். “ஆயிரம்” என்று தட்டிக்கொண்டிருக்கும்போது, வேறு திரையில் பட்ட ஒரு க்ளிக்கால் நிறுவனம் மாறிவிட்டால், கான்டெக்ஸ்ட் பகிர்வே இல்லாமல் இருந்திருக்கலாம் என்றாகிவிடும். மாற்றம் வந்திருக்கிறது என்று ஓரத்தில் காட்டலாம். மாறுவதா வேண்டாமா என்று பயனர்தான் சொல்ல வேண்டும்.

கற்றுக்கொள்ள எங்கிருந்து தொடங்கலாம்?

சென்னை, பெங்களூருவில் பல உலக வங்கிகள் தொழில்நுட்ப மையங்கள் நடத்துகின்றன. அங்கே ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்டில் வேலை செய்பவர்கள் இந்தச் சொற்களை என்றாவது ஒரு நாள் சந்திக்க நேரலாம். எஃப்டிசி3-இன் நெறியும் அதற்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகமும் திறந்த மூலமாகவே கிடைக்கின்றன.

அதற்கு முன், வீட்டில் ஒரு மாலைப்பொழுதில் செய்து பார்க்க ஒரு பயிற்சி உண்டு. லோக்கல் சர்வர் ஒன்றில் இரண்டு எளிய பக்கங்கள். ஒன்றில் பத்துப் பெயர்கள் கொண்ட பட்டியல், மற்றொன்றில் விவரம் காட்டும் பெட்டி. பிராட்காஸ்ட் சேனல் மூலம் ஐடியை மட்டும் அனுப்புங்கள். பத்து வரியில் முடிந்துவிடும்.

அதன் பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். இரண்டாவது பக்கத்தை மூடிவிட்டு, ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, மறுபடி திறங்கள். விவரப் பெட்டி காலியாக நிற்கும். ஒவ்வொரு பதிலுக்கும் வேறு வேறு தாமதம் வைத்துவிட்டு, பட்டியலில் வேகமாக இறங்குங்கள். தலைப்பு ஒன்றும் விவரம் வேறொன்றுமாக வருவதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். கடைசியாக, விவரப் பெட்டியில் ஒரு எண்ணைத் தட்டும்போதே பட்டியலில் பெயரை மாற்றுங்கள். நீங்கள் தட்டிய எண் இப்போது யாருடைய பெயருக்குக் கீழே இருக்கிறது என்று பாருங்கள்.

இந்த மூன்று கோளாறுகளையும் சரி செய்த பிறகு எஃப்டிசி3 ஆவணத்தைத் திறந்தால், அதில் உள்ள ஒவ்வொரு விதியும் எதற்காக என்று தானாகவே விளங்கும்.